கடாரம்: வென்ற பெயரும் வாழ்ந்த ஊரும்

கடாரம் என்னும் ஊர்ப்பெயர் தமிழில் தனித்து வருவது அரிது. ‘கொண்டான்’ என்னும் சொல்லோ ‘வென்றான்’ என்னும் சொல்லோ அதன் பின்னே வந்து ஒட்டிக்கொள்ளும். முதலாம் இராசேந்திர சோழனுக்கு அமைந்த ‘கடாரம் கொண்டான்’ என்னும் பட்டம் பள்ளிப் பாடத்திலும் மேடைப் பேச்சிலும் வழங்கி வழங்கித் தேய்ந்துவிட்டது. ஆயினும், கொள்ளப்பட்ட அக்கடாரம் எத்தகைய ஊர், அங்கே வாழ்ந்தோர் எதை ஆக்கினர், எதை விற்றனர், எக்கடவுளை வணங்கினர் என்று கேட்டால், பட்டத்தை முழங்கியவருள் பலர் விடை கூறார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு செழித்திருந்த துறைமுகம் ஒன்றின் வாழ்வில், அது தோற்ற நாளை மட்டுமே தமிழ் எழுத்து நினைவில் வைத்துக்கொண்டது. இது வரலாற்றுக் குறை மட்டுமன்று. முதற்கண் இலக்கியக் குறையாகும்.

இக்குறையை எண்ணிப் பார்க்கும் கடமை மலேசியத் தமிழர்க்கு மிகுதியாக உண்டு. தஞ்சையிலோ மதுரையிலோ இருப்பவர்க்குக் கடாரம் கடலுக்கு அப்பாலுள்ள ஒரு கனவு நாடு. பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவிலும் இருப்பவர்க்கோ அஃது அடுத்த மாநிலத்தில் உள்ள ஊர். அண்டை வீட்டைப் பற்றி அறிந்து பேசுவதற்கும் அறியாது பேசுவதற்கும் விளைவு வேறு.

ஊரும் பெயரும்

கெடா மாநிலத்தின் கடலோரத்தில் ஜெராய் மலை 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. கலங்கரை விளக்கம் இல்லாத காலத்தில், வங்கக் கடலைக் கடந்து கிழக்கு நோக்கி வந்த மாலுமிக்கு அம்மலையே வழிகாட்டி. மலைக்குத் தெற்கே மெர்போக் ஆறு அகன்ற கழிமுகமாய்க் கடலில் கலக்கிறது. அதற்கும் தெற்கே மூடா ஆறு பாய்கிறது. மலையையும் இவ்வாறுகளையும் சார்ந்த நிலப்பரப்பே இன்று பூஜாங் பள்ளத்தாக்கு எனப்படுகிறது. கலம் ஒதுங்கக் கழிமுகம், குடிக்க ஆற்றுநீர், அடையாளத்திற்கு மலை, விற்பதற்குக் காடுபடு பொருள் என்று துறைமுகத்திற்கு வேண்டியன யாவும் அங்கே ஒருங்கே அமைந்திருந்தன. பருவக்காற்றை நம்பிப் பாய் விரித்த கலங்கள், காற்று மாறும் வரையில் காத்திருப்பதற்கும் அவ்விடம் ஏற்றதாய் இருந்தது. தமிழ்க் கல்வெட்டுகள் கூறும் கடாரம் இதுவே என்பது அறிஞர் பலரும் ஒப்பிய முடிபாகும்.

பட்டினப்பாலை, புகார்த் துறையில் வந்து குவிந்த பொருள்களை அடுக்கிக் கூறுமிடத்தில், காழகம் என்னும் இடத்திலிருந்து வந்தவற்றையும் சேர்த்துக் கூறுகிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அக்காழகத்தைக் கடாரம் எனக் கொண்டார். அது பர்மாவைக் குறிக்கும் என்று கொள்ளும் அறிஞரும் உளர். நச்சினார்க்கினியர் உரையை ஏற்பின், ஓர் உண்மை புலனாகும். தமிழ் இலக்கியத்தில் கடாரம் முதன்முதலாகப் பகைவனின் ஊராக நுழையவில்லை. பண்டம் தரும் ஊராகவே நுழைந்தது.

வடமொழியார் அவ்வூரைக் கடாகம் என்றனர். கொப்பரையைக் குறிக்கும் சொல் அது. தமிழிலும் கடாரம், கிடாரம் என்பன பெரிய பாத்திரத்தைக் குறிக்கும். பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் கடாகத் தீவு வருகிறது. அங்கே போகிறவர் படைத்தலைவர் அல்லர். வாணிகம் செய்து பொருள் ஈட்டப் போகும் வணிகர். காசுமீரத்தில் இருந்த புலவர் கடாரத்தைச் சந்தையாக அறிந்திருந்தார். கடற்கரையில் இருந்த தமிழரோ நாளடைவில் அதைப் போர்க்களமாக மட்டுமே அறிந்தனர்.

மெய்க்கீர்த்தியைப் படிக்கும் முறை

இம்மாற்றத்திற்கு வித்திட்டது இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி. கல்வெட்டின் முகப்பில் அரசனின் வெற்றிகளை ஒழுங்காகப் பாடி வைக்கும் வழக்கத்தை முதலாம் இராசராசன் தொடங்கினான். மகன் காலத்தில் அவ்வழக்கம் முழு வளர்ச்சி பெற்றது. ஆண்டுதோறும் வெற்றி கூடக் கூட மெய்க்கீர்த்தியும் நீண்டது. கி.பி. 1025ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த கடற்படையெடுப்பு அதில் இடம் பெற்றபோது, ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் முதலாகக் கடாரத்தோடு சேர்த்துப் 13 இடங்கள் வரிசையாய் நிறுத்தப்பட்டன. கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டதும், அவன் யானைகளும் செல்வமும் கைப்பற்றப்பட்டதும் கூறப்பட்டன.

அப்பகுதியை இலக்கியமாகப் படித்தால் அதன் இயல்பு விளங்கும். ஊருக்கு ஓர் அடைமொழி, அடைமொழிக்கு ஓர் எதுகை என்று அது நடக்கிறது. ஓர் ஊருக்கு அகழி, மற்றோர் ஊருக்கு மதில், இன்னோர் ஊருக்குக் கடற்காவல் என்று ஒவ்வோர் அடைமொழியும் அவ்வூரை வெல்வது எவ்வளவு அரிது என்பதைக் காட்டவே வருகிறது. ஊரில் வாழ்வோர்க்கு அங்கே இடமில்லை. இது புலவரின் பிழை அன்று; மெய்க்கீர்த்தி என்னும் வகையே அத்தகையது. அரசனைப் பாடுவது அதன் தொழில். அத்தொழிலை அது செவ்வனே செய்தது. வென்ற ஊரின் பெருமை வென்றவனின் பெருமைக்கு அளவுகோலாக மட்டுமே அதில் பயன்படும்.

பிழை பின்னே வந்தவர்களைச் சேர்ந்தது. முகப்புரையாக எழுதப்பட்டதை அவர்கள் முழு நூலாகக் கொண்டனர். பரணியைப் படித்துக் கலிங்க நாட்டின் வேளாண்மையை அறிய முடியாது. உலாவைப் படித்து ஊர்ப் பெண்டிரின் அன்றாட வாழ்வை அறிய முடியாது. அவ்வாறே மெய்க்கீர்த்தியைப் படித்துக் கடாரத்தை அறிய முடியாது. இவ்வெளிய உண்மையை இலக்கிய மாணவர் எவரும் ஒப்புவர். கடாரம் என்று வந்தவுடன் மட்டும் அது மறந்துபோகிறது.

செப்பேடு கூறும் உறவு

சோழர் ஆவணங்களிலேயே மறுபக்கமும் உள்ளது. லெய்டன் பெரிய செப்பேடு எனப் பெயர் பெற்ற சாசனம், இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. அவ்விகாரம் சூளாமணிவர்மனின் பெயரால் அமைந்தது. அதை எழுப்பி முடித்தவன் அவன் மகன் மாரவிசயோத்துங்கவர்மன். கடாரத்திற்கும் ஸ்ரீவிசயத்திற்கும் அரசன். இராசராசன் மறைந்த பின் அக்கொடையைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்தவன், பின்னாளில் கடாரம் கொண்ட அதே இராசேந்திரன்தான். நாகப்பட்டினத்துக் காயாரோகணர் கோயில் கல்வெட்டுகளோ, போருக்கு முந்திய ஆண்டுகளில் கடாரத்து அரசனின் பணியாளர் அச்சிவன் கோயிலுக்கு விளக்குகளும் அணிகலன்களும் சீனப் பொன்னும் அளித்ததைக் கூறுகின்றன. பௌத்த அரசன் ஒருவன் சைவக் கோயிலுக்குக் கொடை அளித்தான். சைவ அரசன் ஒருவன் பௌத்த விகாரத்திற்கு ஊர் அளித்தான்.

படையெடுப்புக்குப் பின்னும் உறவு அறுந்துபோகவில்லை. வீரராசேந்திரன் கடாரத்தை வென்று, உதவி நாடி வந்த அரசனுக்கே அதைத் திருப்பி அளித்ததாக அவன் கல்வெட்டு கூறுகிறது. லெய்டன் சிறிய செப்பேட்டின்படி, முதலாம் குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டில் கடாரத்துத் தூதர் வந்து வேண்ட, நாகப்பட்டினத்து விகாரத்துக்குரிய ஊர்களின் வரிகள் நீக்கப்பட்டன. ஆக, ஒரு நூற்றாண்டிற்குள் கொடை, போர், மீட்பு, மறுபடியும் கொடை என்று உறவு பல நிலைகளைக் கண்டது. மேடைக்கு ஏறியது இவற்றுள் ஒன்றே ஒன்று. சோழர் கடாரத்தில் நிலையாக இருந்து ஆண்டதைக் காட்டும் கல்வெட்டு எதுவும் கெடா மண்ணில் கிடைத்திலது என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளல் வேண்டும்.

மண் கூறும் வாழ்வு

இனி, அகழாய்வு கூறுவதைக் கேட்கலாம். 1834ஆம் ஆண்டில் கர்னல் ஜேம்ஸ் லோ, இன்று செபராங் பிறை எனப்படும் பகுதியில் கல்வெட்டு ஒன்றைக் கண்டெடுத்தார். தூபியின் உருவம் பொறித்த அக்கல், இன்று கொல்கத்தாவில் உள்ள இந்திய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. ஐந்தாம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் அதில், செம்மண் நாட்டைச் சேர்ந்த புத்தகுப்தன் என்னும் பெருமாலுமி தன் பயணம் இனிது முடிய வேண்டிக்கொள்கிறான். அந்நாடு வங்காளத்தில் இருந்தது என்பர் பலர். இராசேந்திரனுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அக்கரையில் ஒரு மாலுமி இறங்கி நின்று வேண்டிய குரல் அது. மன்னனின் முழக்கம் நிலைத்த அளவுக்கு மாலுமியின் வேண்டுதல் தமிழரிடையே பரவவில்லை.

ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி இத்சிங் இந்தியா செல்லும் வழியில் கெடாவில் தங்கிச் சென்றார். அங்கிருந்து மேற்கே கப்பலேறி 30 நாளில் நாகப்பட்டினம் அடைந்த சீனத் துறவி ஒருவரைப் பற்றியும் அவர் எழுதி வைத்தார். முப்பது நாள் வழி என்றால் அது தொலைவுமன்று, அண்மையுமன்று. அறியாத நாட்டுக்குச் செல்லும் வழியாக அன்றி, பலரும் சென்று பழகிய தடமாகவே அது இருந்தது.

பள்ளத்தாக்கை முறையாக அகழ்ந்தவர் குவாரிச் வேல்ஸ். அவரும் அவர் மனைவியாரும் 1930களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 30 இடங்களை ஆராய்ந்து, 1940இல் முடிபுகளை வெளியிட்டனர். அவ்வெளியீட்டின் தலைப்பிலேயே ‘பழைய இந்தியக் குடியேற்றம்’ என்னும் கருத்து இருந்தது. அக்காலத்து இந்திய வரலாற்றறிஞர் சிலரும் அவ்வாறே எழுதினர். இந்தியர் கொடுத்தனர், இங்குள்ளோர் வாங்கிக்கொண்டனர் என்பது அக்கொள்கையின் சுருக்கம். பின்வந்த ஆராய்ச்சி அதைப் பெரிதும் திருத்திவிட்டது.

1959, 1960 ஆண்டுகளில் அலஸ்டெர் லேம்ப், புக்கிட் பத்து பகாட் என்னுமிடத்திலுள்ள கோயிலை அகழ்ந்து, சிதறிய கற்களை அடுக்கி மீண்டும் நிறுவினார். கருவறைப் பகுதியும் முன்மண்டபமும் உடைய அதன் திட்டம் இந்தியக் கோயிலினது. ஆனால் மேற்கட்டு கல்லாலானதன்று. தூண்களைத் தாங்கிய கற்பீடங்கள் எஞ்சி நிற்கின்றன. அவற்றின்மேல் மரத்தூண்களும், அவற்றின்மேல் கூரையும் இருந்திருக்க வேண்டும். மழை மிகுந்த நாட்டில், மரவேலையில் தேர்ந்த மக்கள், தங்கள் கைப்பழக்கத்திற்கு ஏற்ப எழுப்பிய கோயில் அது. வெளியிலிருந்து வந்த கருத்தை இம்மண்ணின் தச்சர் தம்முடையதாக்கிக் கொண்டனர். மலாய் மொழியில் ‘சண்டி’ என வழங்கும் இத்தகைய வழிபாட்டிடங்கள் பள்ளத்தாக்கில் பல.

பெங்காலான் பூஜாங்கில் சீன மட்பாண்டத் துண்டுகளும், மேற்காசியக் கண்ணாடிச் சில்லுகளும், மணிகளும் மிகுதியாகக் கிடைத்தன. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் நடத்திய அகழாய்வு, இரும்பு உருக்கிய உலைகளையும், அவற்றுக்குக் காற்றூதிய மண்குழாய்களையும், படகுத்துறைகளையும், செங்கற் கட்டடங்களையும் வெளிப்படுத்தியது. அவற்றுள் மிகப் பழையன கிறித்துவுக்கு முற்பட்டவை என்னும் கணிப்பை அறிஞர் எல்லாரும் ஒப்பவில்லை. ஆயினும் பல நூற்றாண்டுகள் அங்கே இரும்புத் தொழில் நடந்தது என்பதில் ஐயமில்லை. 2023, 2024 ஆண்டுகளில் ஜெராய் மலைக்கு வடக்கே புக்கிட் சோராஸ் என்னுமிடத்தில் பௌத்தத் தூபியும் சுதைச் சிற்பங்களும் வெளிப்பட்டன.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தால் எழும் கடாரம் எது? கரி சுட்டவர், உலை ஊதியவர், செங்கல் அறுத்தவர், படகு கட்டியவர், மணி கோத்தவர், பண்டம் சுமந்தவர் வாழ்ந்த ஊர். மெய்க்கீர்த்தியின் அடைமொழிக்குள் அடங்காத ஊர்.

பாரசீகர் எழுதிய முறை

வேற்று நாட்டார் ஒரு துறைமுகத்தை எவ்வாறு எழுதினர் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தல் பயன் தரும். பாரசீக வளைகுடாவின் கரையில் சீராபு என்னும் பழம்பட்டினம் இருந்தது. மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய நிலம், வேளாண்மைக்கு வழியில்லை, வெயிலோ கடுமை. அத்தகைய இடத்தில் வாணிகம் ஒன்றையே நம்பி ஒரு பெருநகரம் எழுந்தது. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த இஸ்தக்ரி என்னும் நிலநூலார், அந்நகரத்து வீடுகள் பல மாடிகள் உடையன என்றும், தேக்கும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த மரமும் கொண்டு கட்டப்பட்டன என்றும் குறித்தார். 977ஆம் ஆண்டில் ஏற்பட்ட நிலநடுக்கம் அந்நகரைக் குலைத்தது. பின்னர் வாணிகம் வேறு துறைகளுக்குச் சென்றது. 1966 முதல் 1973 வரை டேவிட் வைட்ஹவுஸ் அங்கே அகழாய்வு நடத்தி வீடுகளையும் பள்ளிவாசலையும் கடைத்தெருவையும் வெளிக்கொணர்ந்தார்.

அச்சீராபைச் சேர்ந்த அபூ செய்து என்பவர் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீழைக்கடல் செய்திகளைத் தொகுத்தார். அவர் கூறும் துறைகளுள் ஒன்று ‘கலா’. அது கெடாவே என்பார் பலர். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் வேறோர் இடம் என்பாரும் உளர். அகில், கற்பூரம், சந்தனம், தந்தம், வெள்ளீயம், கருங்காலி ஆகியன கூடும் நடுவிடமாக அதை அவர் காட்டுகிறார். ஓமானிலிருந்து கலங்கள் அங்கே வந்து திரும்பும் என்றும் கூறுகிறார். வெள்ளீயத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லும் கலா என்னும் அவ்வூர்ப் பெயரிலிருந்து பிறந்தது என்பது ஒரு சாரார் கருத்து. பித்தளைப் பாத்திரத்திற்குக் ‘கலாய் பூசுதல்’ என்று தமிழர் சொல்லும் சொல்லுக்கும் அதுவே மூலம். கிந்தா ஆற்றங்கரையில் ஈயம் எடுத்து வளர்ந்த பேரா மாநிலத்தார், தம் சமையற்கட்டுச் சொல் ஒன்றிலே அப்பழங்கடல் வாணிகத்தின் எதிரொலியைக் கேட்கலாம்.

பாரசீகக் கடலோடி எழுதியது இலக்கியம் அன்று. சரக்குப் பட்டியலோடு கூடிய வழிச்செய்தி. ஆயினும் அதைப் படிப்பவர்க்கு ஒரு துறைமுகம் கண்முன் தோன்றுகிறது. மெய்க்கீர்த்தி தேர்ந்த செய்யுள். அதைப் படிப்பவர்க்கு ஒரு மன்னன் மட்டுமே தோன்றுகிறான். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவரே கடாரத்தை நெருங்குவர்.

தமிழ் வணிகரும் அப்பாரசீகருக்கு அயலார் அல்லர். 849ஆம் ஆண்டினதாகக் கொள்ளப்படும் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், பாரசீகத்துப் பகலவி எழுத்தில் சாட்சிகள் ஒப்பமிட்டுள்ளனர். அதில் இடம்பெறும் மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவின் பெயர், கெடாவுக்கு வடக்கே தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டிலும் வருகிறது. அங்கே வெட்டப்பட்ட ஒரு குளம் மணிக்கிராமத்தார் உள்ளிட்டோரின் காவலில் விடப்பட்டது. 1088ஆம் ஆண்டில் சுமத்திராவின் பாரூசுப் பகுதியில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் தமிழில் கல்வெட்டுப் பொறித்தனர். குளம் வெட்டியதும் கணக்கு வைத்ததும் வரி வகுத்ததும் தமிழர் செயல்களே. அவற்றைப் பாடப் புலவர் இல்லாமையால் அவை பெருமைப் பட்டியலில் ஏறவில்லை.

புதினமும் சரித்திரக் கதையும்

இருபதாம் நூற்றாண்டில் வரலாற்றுப் புதினம் தமிழில் ஓங்கியது. இராசேந்திரனை நடுநாயகமாக வைத்து அகிலன் எழுதிய ‘வேங்கையின் மைந்தன்’ 1963இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றது. கருணாகரத் தொண்டைமானைத் தலைவனாக்கிச் சாண்டில்யன் எழுதிய ‘கடல் புறா’, குமுதம் இதழில் தொடராக வந்து, தமிழ்நாட்டைப் போலவே மலைநாட்டிலும் பெருவிருப்போடு படிக்கப்பட்டது. நெடுங்காலம் நிலத்தையே பார்த்திருந்த தமிழ் வாசகனைக் கடலைப் பார்க்கச் செய்த பெருமை அந்நூலுக்கு உண்டு. காற்றையும் பாயையும் கலத்தின் போக்கையும் கதையின் விறுவிறுப்புக்கு உரிய பொருளாக்கியது சிறு செயல் அன்று.

எனினும், மெய்க்கீர்த்தியின் பார்வையைப் புதினம் மாற்றவில்லை, நீட்டியது. கடாரத்து இளவரசி காஞ்சனாதேவி கதைத்தலைவியருள் ஒருத்தி ஆனாள். ஊர் முன்பு வெல்லத்தக்க மதிலாக இருந்தது; இப்போது அடையத்தக்க அழகாக மாறியது. இரண்டிலும் வினை செய்பவன் தமிழ்வீரன். கடாரம் வினைக்கு உட்படும் பொருள். மணிக்கிராமத்து வணிகன், உலைக்களத்துத் தொழிலாளி, கழிமுகத்துப் படகோட்டி ஆகியோரைத் தலைவராகக் கொண்ட பெரும்புதினம் ஒன்று தமிழில் இன்னும் பெயர் பெறவில்லை. விறுவிறுப்புக்குப் போர் வேண்டும் என்பது விடையாகாது. பருவக்காற்றுக்காகப் பல திங்கள் அயலூரில் காத்திருக்கும் வணிகனின் வாழ்வில் இல்லாத துன்பமும் காதலும் அச்சமும் போர்க்களத்திலும் இல்லை.

மலாய் இலக்கியம் இதே நினைவை எவ்வாறு கையாண்டது என்பது கருதத்தக்கது. 1612ஆம் ஆண்டினதாகக் கூறப்படும் ‘செஜாரா மெலாயு’, கலிங்க நாட்டிலிருந்து வந்த பேரரசன் ஒருவன் பேராவின் டிண்டிங்குப் பகுதியிலிருந்த கங்கா நகரத்தை வென்ற கதையைச் சொல்கிறது. படிக்குப் படி அவ்வரசன் பெயர் சூலான் என்றும் சூரான் என்றும் மாறும். சோழன் என்னும் பெயரின் நிழல் அதில் உண்டென்று அறிஞர் கருதுவர். ஆனால் கதை வெற்றியோடு நிற்கவில்லை. அம்மரபில் வந்த அரசன் கண்ணாடிப் பேழையில் ஏறிக் கடலடிக்குச் செல்கிறான். கடலரசனின் மகளை மணக்கிறான். அவர்கள் வழியிலே மலாய் மன்னர் குலம் தோன்றுகிறது. படையெடுத்து வந்தவனின் மரபையே பாட்டன் மரபாக்கிக் கொண்டது மலாய்ப் புலமை. இது வரலாறு அன்று. ஆயினும் இலக்கியம் என்னும் அளவில் உயர்ந்த செயல். தோற்ற பக்கத்தின் கதை பகையை உறவாக மாற்றியது. வென்ற பக்கத்தின் கதையோ வெற்றியைத் தவிர வேறெதையும் பேணவில்லை.

இதனால் வரும் இழப்பு

இவ்வாராய்ச்சியால் ஆவது என் என்று கேட்பார் உளர். ஆவது உண்டு. மலேசியத் தமிழருட் பெரும்பாலோர் பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் தோட்டங்களிலும் இருப்புப்பாதையிலும் உழைக்க வந்தவரின் வழியினர். வறுமையும் ஏளனமும் சூழ்ந்த காலத்தில், பழம்பெருமை ஒன்று அவர்க்கு வேண்டியிருந்தது. கடாரம் கொண்ட கதை அத்தேவையை நிறைத்தது. அதைக் குறை கூறுதல் தகாது. ஆனால், வென்றவர் என்னும் உரிமை நிலைத்த உரிமை அன்று. படையெடுத்து வந்தவர் திரும்பிப் போனவர். ‘முன்பு வந்து தாக்கியவர்’ என்று பிறர் சுட்டுவதற்கும் அதே மெய்க்கீர்த்தி இடங்கொடுக்கும். உழைத்தவர், வணிகம் செய்தவர், குளம் வெட்டியவர், கோயிலுக்குக் கல் சுமந்தவர் என்னும் உறவோ எவராலும் மறுக்க ஒண்ணாதது. 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பல் நாகப்பட்டினத்தில் ஆளேற்றிப் பினாங்கில் இறக்கியது. முற்காலத்தில் முப்பது நாளில் துறவி கடந்த பழந்தடமே அது. அக்கப்பலின் அடித்தட்டில் மூட்டையோடு வந்தவர்க்கு மூதாதை என்று சொல்லத் தக்கவர், மெய்க்கீர்த்தியின் மன்னனைக் காட்டிலும் அத்தடத்தில் சுமை சுமந்தவரே ஆவர்.

இழப்பு கட்டடங்களுக்கும் உண்டு. நாகப்பட்டினத்து விகாரத்தைச் சார்ந்ததாகக் கருதப்பட்ட பாழடைந்த செங்கற்கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. சுங்கை பத்துப் பகுதியில் தனியார் நிலத்தில் இருந்த 11ஆம் எண் சண்டி, வீடமைப்புப் பணிக்காக 2013ஆம் ஆண்டின் இறுதியில் இடிக்கப்பட்டது தெரியவந்தது. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005ஆம் ஆண்டு முதலே இருந்தும், அவ்விடம் அதன்கீழ்ப் பதிவாகாமல் இருந்தது. ஒரே கடல்வழியின் இரு முனைகளிலும் இரு சின்னங்கள் இவ்வாறு போயின. சண்டி இடிந்த பின் எழுந்த கண்டனம் பெரிது, நேர்மையானது. ஆயினும் இடியும் முன் அதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது எவ்வளவு? பெயரும் தெரியாத சின்னத்தைக் காக்க எவர் முன்வருவர்? வெற்றியை மட்டும் பாடும் எழுத்து, செங்கல்லைக் காக்கக் கற்பிப்பதில்லை.

கெடாவைத் தேடிப் போக இயலாதவர்க்குப் பேரா மண்ணிலேயே சான்று உண்டு. 1936இல் பீடோரில் ஈயச் சுரங்கத்தில் எட்டுக் கைகளையுடைய அவலோகிதேசுவரர் வெண்கலப் படிமம் கிடைத்தது. சுங்கை சிப்புட்டை அடுத்த ஜாலோங்கிலும் முனிவர் ஒருவரின் வெண்கலப் படிமம் கிடைத்தது. அதை அகத்தியர் எனக் கருதுவோர் உளர். சாவகக் கலைச் சாயல் உடையது அது. தமிழகத்தில் பொதிகை முனிவராகப் போற்றப்படும் அகத்தியர், சாவகத்தார் கைவண்ணத்தில் உருப்பெற்று, பேராவின் காட்டோரத்தில் மண்ணுள் கிடந்தார் என்றால், அதை எந்த மன்னனின் வெற்றியாகக் கணக்கிடுவது? கருத்துகள் படையோடு மட்டும் பயணம் செய்வதில்லை என்பதற்கு அப்படிமமே சான்று. அதன் பெயரைச் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி மாணவன் ஒவ்வொருவனும் அறிந்திருத்தல் தகும்.

ஆகவே, கடாரத்தைப் பற்றி இனி எழுதப் புகுவோர் மெய்க்கீர்த்தியை விலக்க வேண்டுவதில்லை. அதனோடு நின்றுவிடாமல் இருந்தால் போதும். செப்பேட்டையும், சீனத் துறவியின் குறிப்பையும், பாரசீகக் கடலோடியின் சரக்குப் பட்டியலையும், மலாய்க் காப்பியக் கதையையும், அகழாய்வாளரின் அளவைகளையும் அதன் அருகே வைத்தல் வேண்டும். அவற்றுள் மலாய் மக்களின் முன்னோரை விருந்தினராக அன்றி வீட்டுக்குரியவராகக் காணல் வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் பூஜாங் பள்ளத்தாக்குக்கு மாணவரை அழைத்துச் செல்லும்போது, மெர்போக்கில் உள்ள அருங்காட்சியகத்தின் வாயிலில் நின்று வெற்றியைச் சொல்லி முடித்துவிடாமல், உள்ளே உள்ள மணியையும் செங்கல்லையும் காட்டி, இதைச் செய்தவன் யார் என்று கேட்டல் வேண்டும். அக்கேள்விக்கு விடை தேடும் மாணவரிடமிருந்தே கடாரத்தைப் பற்றிய முதல் நல்ல தமிழ் நூல் பிறக்கும்.